வரைவது யாரென்று கேட்காததற்கு 16,500 ரூபாய்

சென்னையில் எட்டு வருடம் பார்த்த வேலையை விட்டுவிட்டு மதுரைக்குத் திரும்பிய பிறகு, தனியாக எனக்குக் கிடைத்த முதல் பெரிய வேலை ஒரு டைல்ஸ் கடைக்காரருடையது. கடைக்கு வருபவர் ஒரு டைல்ஸைக் காட்டினால், சுவரில் மாட்டியிருக்கும் பெரிய டிவியில் ஒரு ஹால் தெரிய வேண்டும். தரையில் அந்த டைல்ஸ் பதித்திருக்க வேண்டும். மவுஸை நகர்த்தினால் அறையைச் சுற்றிப் பார்க்க முடிய வேண்டும். அவ்வளவுதான். 90,000 ரூபாய் பேசினோம், 30,000 அட்வான்ஸ் வந்தது, மூன்று வாரத்தில் முடித்துத் தருகிறேன் என்றேன். முடிய பதினோரு வாரம் ஆனது. அதற்குள் என் கையிலிருந்து ஒரு கிராஃபிக்ஸ் கார்டுக்கு 16,500, வாடகை மேக் லேப்டாப்புக்கு 6,600, ஆப்பிளின் டெவலப்பர் கணக்குக்கு வருடச் சந்தா 99 டாலர் போனது. இடையில் வந்த ஒரு கல்யாண மண்டபத்து வேலையை “இப்போது முடியாது” என்று விட்டது தனிக்கணக்கு. போன பணத்தைவிட, யாராவது ஒருவர் முன்கூட்டியே நான்கு வார்த்தை சொல்லியிருந்தால் இதில் முக்கால்வாசி நடந்திருக்காது என்பதுதான் இன்னும் உறுத்துகிறது. அந்த நான்கு வார்த்தைக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

வேலையை ஒப்புக்கொண்ட அன்று நான் கேட்ட ஒரே கேள்வி, “சிஸ்டம் எப்படிண்ணே?” அவர் சொன்ன பதில், “புதுசுதான் தம்பி.” அதோடு விட்டுவிட்டேன். பிறகுதான் ஒவ்வொன்றாகத் தெரிந்தது. பெரிய கடையில் விண்டோஸ், அதில் 4கே டிவி. மேலூர் கிளையில் உபுண்டு (லினக்ஸ் வகை இலவச இயங்குதளம்), லைசென்ஸ் செலவு வேண்டாமென்று அவருடைய மருமகன் போட்டது. ஆர்க்கிடெக்டாக இருக்கும் மகளிடம் மேக்புக், அவரும் தன் வாடிக்கையாளர்களுக்குக் காட்டுவாராம். மூன்றும் மூன்று உலகம். நான் எழுதியதோ என் லேப்டாப்பில் மட்டும் ஓட்டிப் பார்த்த, ஓபன்ஜிஎல் (கிராஃபிக்ஸிடம் படம் வரையச் சொல்லும் இடைமுகம்) 3.3-இல் எழுதிய ஒரு சி++ நிரல். என்னிடம் விநாடிக்கு 144 பிரேம், அதாவது 144 படம், பறந்தது. அந்தத் தெம்பில்தான் எல்லா வாக்கும் கொடுத்தேன்.

முதல் நாள் பெரிய கடையில் ஓட்டியபோது திரையின் மூலையில் நான் வைத்திருந்த பிரேம் எண்ணிக்கை 10 என்று காட்டியது. மவுஸை இழுத்தால் ஹால் ஒரு மூச்சு விட்டுவிட்டுத் திரும்பியது. கடைப் பையன்கள் நான்கு பேர் பின்னால் நிற்கிறார்கள். “என்ன தம்பி, படம் தவழ்ந்துல்ல வருது” என்றார் அண்ணன். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. எனக்குக் காது மடல் சுட்டது. “டிவில ஒரு செட்டிங் இருக்குண்ணே, நாளைக்குச் சரியாயிரும்” என்று சொல்லிவிட்டு வந்தேன். எந்த செட்டிங் என்று எனக்கே தெரியாது. அந்த “நாளைக்கு” என்ற சொல்லை அடுத்த இரண்டு மாதத்தில் எத்தனை முறை சொன்னேன் என்று எண்ணவில்லை.

வீட்டுக்கு வந்து மூன்று இரவு உட்கார்ந்து, சோஃபா, ஜன்னல், தொங்கும் விளக்கு என்று எல்லாவற்றிலும், அவற்றின் உருவத்தைக் கட்டும் சின்னச் சின்ன முக்கோணங்களைக் குறைத்தேன். நான்கு லட்சம் முக்கோணம் 90,000 ஆனது. மறுபடி கடையில் ஓட்டினால் அதே 10. அங்கேயே எனக்கு உறைத்திருக்க வேண்டும். சுமையை நாலில் ஒன்றாக இறக்கியும் வண்டி அதே வேகத்தில் போகிறதென்றால், இழுப்பு அந்தச் சுமையில் இல்லை. ஆனால் பதற்றத்தில் இருப்பவன் யோசிப்பதில்லை, எதையாவது வாங்குகிறான். பழைய கார்டு ஒன்றை 16,500-க்கு வாங்கி, கடைக்கு வழக்கமாக வரும் ஹார்டுவேர்காரரை வைத்து மாட்டச் சொன்னேன். மாட்டினார். விளக்கு எரிந்தது, ஃபேன் சுற்றியது. நிரலை ஓட்டினேன். 10.

அந்த இரவு நான் சாப்பிடவில்லை என்பதை மிகைப்படுத்தாமல் சொல்கிறேன். எனக்கு இந்தத் தொழிலே வராது, சென்னை வேலையையே பார்த்திருக்கலாம் என்றுகூடத் தோன்றியது. மறுநாள் காலை, வேறெதுவும் தோன்றாமல், நிரல் தொடங்கும்போதே ஒரு கேள்வியைக் கேட்டு விடையை ஒரு கோப்பில் எழுதும்படி இரண்டு வரி சேர்த்தேன். ஓபன்ஜிஎல்லிடம் “ரெண்டரர்” என்று கேட்டால், இப்போது படத்தை வரைந்துகொண்டிருப்பது யார் என்று பெயரைச் சொல்லும். கடையில் ஓட்டிவிட்டுக் கோப்பைத் திறந்தேன். “இன்டெல் யுஹெச்டி கிராஃபிக்ஸ் 630” என்றிருந்தது. நான் வாங்கிய கார்டின் பெயர் எங்குமே இல்லை. சிபியு பெட்டியை இழுத்துப் பின்பக்கம் டார்ச் அடித்துப் பார்த்தேன். டிவியின் எச்டிஎம்ஐ கேபிள், மேலே மதர்போர்டில் இருக்கும் துளையிலேயே செருகியிருந்தது. கார்டின் துளை அதற்கு ஒரு சாண் கீழே, ரப்பர் மூடிகூடக் கழற்றாமல் இருந்தது. கார்டு சும்மா சுழன்றுகொண்டிருந்தது, வரைந்ததெல்லாம் பிராசஸருக்குள் இருக்கும் பழைய கிராஃபிக்ஸ்தான். கேபிளை மாற்றிச் செருகினேன். 60. ஹார்டுவேர்காரரைக் குற்றம் சொல்ல மனம் வரவில்லை, கேபிள் எங்கே இருந்ததோ அங்கேயே திரும்பச் செருகியிருக்கிறார். சில போர்டுகளில் கார்டு போட்டதும் அந்த மேல் துளை செத்துவிடும், படமே வராது, உடனே தெரிந்துவிடும். இதில் பயாஸில் (மதர்போர்டின் அடிப்படை அமைப்பில்) இரண்டும் உயிரோடு இருந்ததால் தவறு மறைந்துகொண்டது.

எனவே முதல் வேலையாக, நீங்கள் எழுதும் எந்த கிராஃபிக்ஸ் நிரலும் ஓடத் தொடங்கியதும் ஒரு லாக் கோப்பில் ரெண்டரர் பெயர், ஓபன்ஜிஎல் பதிப்பு, விண்டோவின் அளவு, உண்மையில் வரையப்படும் பிக்சல் அளவு, திரையின் ஹெர்ட்ஸ் ஆகிய ஐந்தையும் எழுதட்டும். கூடவே எஃப்12 அழுத்தினால் இதே ஐந்தும் திரையிலேயே பெரிய எழுத்தில் வரும்படி வைத்தேன். கடைப் பையன் அதை போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பினால் போதும். லேப்டாப்பில் இரண்டு கிராஃபிக்ஸ் இருந்தாலும் இதே சிக்கல்தான். விண்டோஸ் செட்டிங்கில் டிஸ்ப்ளே, அதற்குள் கிராஃபிக்ஸ் பகுதிக்குப் போய் அந்த நிரலுக்கு மட்டும் “ஹை பெர்ஃபார்மன்ஸ்” என்று தேர்ந்தெடுத்துக்கொடுத்தால் பெரிய கார்டு வரையும்.

60 வந்ததும் வேலை முடிந்ததென்று விட்டிருக்கலாம். ஆனால் 16,500 போன வயிற்றெரிச்சல் விடவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை கடையைத் திறக்கச் சொல்லி, கேபிளைப் பழைய துளையிலேயே செருகி, வி-சிங்கை (திரையின் வேகத்துக்கு மேல் பிரேம் போகாமல் தடுக்கும் அமைப்பை) அணைத்துவிட்டு, நிரலின் விண்டோவைச் சிறிதாக்கிப் பார்த்தேன். சிறிதாக்கச் சிறிதாக்க எண் ஏறியது. இதைவிட எளிய சோதனை இந்தத் துறையில் கிடையாது. விண்டோவைச் சுருக்கினால் வேகம் கூடுகிறதா, சிக்கல் பிக்சலில் இருக்கிறது. சுருக்கியும் அப்படியே இருக்கிறதா, பெரும்பாலும் பிராசஸர் பக்கமோ முக்கோணங்களிலோ தேட வேண்டும். என் லேப்டாப் திரை 1920-க்கு 1080, சுமார் 20 லட்சம் பிக்சல். அந்த டிவி 3840-க்கு 2160, சுமார் 83 லட்சம். நான்கு மடங்கு வேலையை, தனி நினைவகம்கூட இல்லாத ஒரு சின்ன கிராஃபிக்ஸிடம் கொடுத்துவிட்டு முக்கோணத்தை வெட்டிக்கொண்டிருந்திருக்கிறேன். டிவிக்குப் போகும் சிக்னலை ஃபுல் எச்டிக்கு இறக்கியதும் 41 வந்தது. அந்த கிராஃபிக்ஸ் கணினியின் ராமைத்தான் பங்குபோட்டுக்கொள்ளும்; உள்ளே ஒரே ஒரு 8 ஜிபி ராம் துண்டுதான் இருந்தது. என்னிடமிருந்த இன்னொரு துண்டைப் பக்கத்தில் போட்டதும், இரண்டு வழியில் போக்குவரத்து திறந்து, 55-ஐத் தாண்டியது. அந்தத் துண்டு அப்போது கடையில் 1,800 ரூபாய்க்குக் கிடைத்தது. போதாக்குறைக்கு, அந்த மதர்போர்டின் எச்டிஎம்ஐ 1.4 வகை. 4கேயில் விநாடிக்கு 30 படத்துக்கு மேல் அதனால் அனுப்பவே முடியாது. நான் என்ன மாயம் செய்திருந்தாலும் 4கேயில் 60 வந்திருக்காது. எட்டடி தள்ளி நின்று பார்க்கும் வாடிக்கையாளருக்கு 4கேயா ஃபுல் எச்டியா என்று தெரியாது என்பது வேறு விஷயம்.

வேகம் சரியானதும் அண்ணன் அடுத்ததைப் பிடித்தார். “பக்கத்துல நல்லாத்தான் இருக்கு. தூரத்துல டைல்ஸ் கோடெல்லாம் கலங்கிப் போகுதே தம்பி.” என் லேப்டாப்பில் கடைசி வரிசை வரை கோடு கத்திபோல இருந்தது. ஒரே நிரல், ஒரே படம். ஒரு வாரம் தேடிய பிறகு கிடைத்த காரணத்தைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. எப்போதோ ஒரு விளையாட்டுக்காக என் லேப்டாப்பின் கிராஃபிக்ஸ் டிரைவர் (கார்டை இயக்கும் மென்பொருள்) செட்டிங்கில் அனைசோட்ரோபிக் ஃபில்டரிங்கை எல்லா நிரலுக்கும் 16 மடங்கு என்று வைத்திருந்தேன். சாய்வாகத் தெரியும் தரைப்பரப்பைக் கலங்காமல் காட்டும் வேலை அது. என் நிரலில் அந்த வரியே இல்லை, டிரைவர் எனக்காகச் செய்துகொண்டிருந்தது. சோதிக்கும் கணினியில் டிரைவர் செட்டிங் எல்லாவற்றையும் டீஃபால்ட்டுக்குத் திருப்பிவிட்டுத்தான் உட்கார வேண்டும். இல்லாவிட்டால் நீங்கள் சோதிப்பது உங்கள் நிரலை அல்ல, உங்கள் பழைய விளையாட்டு ஆசையை.

மேலூர் கதை வேறு மாதிரி. அங்கே நிரலைத் திறந்ததும் கணினி மிக்ஸிபோல இரைந்தது. விநாடிக்கு இரண்டு பிரேம். சில டைல்ஸைத் தேர்ந்தெடுத்தால் தரை முழுக்கக் கறுப்பு. இந்த முறை நான் பஸ் ஏறவில்லை, எஃப்12 போட்டோவை அனுப்பச் சொன்னேன். ரெண்டரர் இடத்தில் “எல்எல்விஎம்பைப்” என்றிருந்தது. லினக்ஸில் இந்தச் சொல்லைப் பார்த்தால் அதற்குமேல் நிரலில் கைவைக்க வேண்டாம். கிராஃபிக்ஸ் கார்டு வேலையே செய்யவில்லை, பிராசஸரே ஒவ்வொரு பிக்சலையும் கணக்குப் போட்டு வரைந்துகொண்டிருக்கிறது என்று அர்த்தம். பில் போடுவதும் பிரவுசரும் அதிலேயே ஓடிவிடும் என்பதால் மாதக்கணக்கில் யாருக்கும் தெரிந்திருக்காது. டெர்மினலில் ஜிஎல்எக்ஸ்இன்ஃபோ கட்டளை கொடுத்தாலும் இதே பெயர் வரும்.

கார்டு இருக்கிறது, டிரைவரும் போட்டிருக்கிறது, பிறகு ஏன்? அந்தக் கணினியில் செக்யூர் பூட் இயங்கிக்கொண்டிருந்தது. அது இயங்கும்போது, கையொப்பமிட்ட, கணினிக்குத் தெரிந்த சாவியுடைய டிரைவரை மட்டுமே கெர்னல் (இயங்குதளத்தின் மையப்பகுதி) உள்ளே விடும். உபுண்டு டிரைவரை நிறுவும்போது ஒரு சாவியை உருவாக்கி, ஒரு பாஸ்வேர்டு கேட்டு, அடுத்த முறை கணினியை இயக்கும்போது நீலத் திரை ஒன்றைக் காட்டும். எம்ஓகே (கணினி உரிமையாளரின் சாவி) நிர்வாகம் என்று தலைப்பிட்டிருக்கும். அதில் “என்ரோல்” என்பதைத் தேர்ந்து பாஸ்வேர்டைக் கொடுத்தால்தான் சாவி பதிவாகும். சில விநாடி சும்மா இருந்தாலோ வேறெதையாவது அழுத்தினாலோ திரை போய்விடும், தானாக மறுபடி வராது. மருமகன் ஒரு மாலை டிரைவரை நிறுவிவிட்டு ஊருக்குப் போய்விட்டார். மறுநாள் காலையில் கணினியைப் போட்டது கடைப் பையன். கேட்டேன். “ஆமாண்ணே, ஒரு நாள் நீலமா என்னமோ வந்துச்சு. எண்டர் அடிச்சேன், போயிருச்சு” என்றான். அவன்மேல் என்ன தப்பு இருக்கிறது? எந்தக் கணினியிலும் எதற்கும் எண்டர் அடிப்பதுதானே நம் ஊர் வழக்கம். எம்ஓகேயூட்டில் கட்டளையால் சாவியை மறுபடி பதியச் சொல்லி, நானே நேரில் போய் நீலத் திரை வரும்வரை காத்திருந்து முடித்தேன். செக்யூர் பூட்டையே அணைத்துவிடலாம், இரண்டு நிமிட வேலைதான். இன்னொருவர் கடையின் பில் கணினியில் பாதுகாப்பைக் கழற்றிவிட்டு வர எனக்கு மனம் ஒப்பவில்லை.

கறுப்புத் தரைக்குக் காரணம் கிராஃபிக்ஸே இல்லை. கேமராவிலிருந்து நேராக எடுத்த படங்களின் பெயர் பெரிய எழுத்து ஜேபிஜி என்று முடிந்தது, என் பட்டியலில் சிறிய எழுத்து. விண்டோஸுக்கு இரண்டும் ஒன்று, மேக்கிலும் வழக்கமான அமைப்பில் ஒன்றுதான். லினக்ஸுக்கு இரண்டும் வெவ்வேறு கோப்பு. படம் கிடைக்காவிட்டால் பளிச்சென்ற மஜந்தா நிறத்தைப் பூசும்படி மாற்றினேன். கறுப்பு என்றால் விளக்கா, ஷேடரா (பிக்சலின் நிறத்தைக் கணக்கிடும் சிறு நிரல்), படமா என்று தேட வேண்டியிருக்கிறது. மஜந்தா என்றால் படம் காணோம், வேறு பேச்சில்லை.

கடைசியாக மேக். என்னிடம் மேக் கிடையாது. நாளுக்கு 600 ரூபாய் என்று பதினோரு நாள் வாடகைக்கு எடுத்தேன். முதலில் நிரல் திறந்ததும் செத்தது. மேக்கில் ஓபன்ஜிஎல் 4.1-ஓடு நின்றுவிட்டது; 2018-இல் மேக்கின் மொஜாவே பதிப்பு வந்தபோதே இனி இதை வளர்க்கப் போவதில்லை, எங்கள் சொந்த கிராஃபிக்ஸ் இடைமுகமான மெட்டலுக்கு மாறுங்கள் என்று ஆப்பிள் வெளிப்படையாகச் சொல்லிவிட்டது. நானோ 4.3-இல் வந்த பிழைச்செய்தி வசதி ஒன்றை இருக்கிறதா என்று பார்க்காமலே அழைத்திருந்தேன். அதை எடுத்ததும் ஷேடர் நின்றது. படத்திலிருந்து நிறத்தை எடுக்கும் பழைய “டெக்ஸ்சர்2டி” அழைப்பை என் விண்டோஸ் டிரைவர் பெருந்தன்மையாக ஏற்றுக்கொண்டிருந்தது, மேக் அப்படி ஒன்று இல்லவே இல்லை என்றது. தேர்ந்தெடுத்த டைல்ஸைச் சுற்றி நான் போட்ட தடித்த கோடு மயிரிழையாக வந்தது, கோர் புரொஃபைலில் (பழைய வசதிகளை நீக்கிய ஓபன்ஜிஎல் வடிவில்) ஒன்றுக்கு மேல் கோட்டுத் தடிமனை எதிர்பார்க்கக் கூடாதாம். இதெல்லாம் ஒவ்வொன்றும் அரை நாள் வேலை, பிழைச்செய்தியைப் படித்தாலே வழி தெரியும்.

என்னைச் சுற்றவிட்டது வேறொன்று. சரிசெய்து அனுப்பியதும் அண்ணன் மகள் கூப்பிட்டார். “அண்ணா, படம் கீழ இடது மூலையில கால்வாசி இடத்துல மட்டும் வருது. மிச்சம் கறுப்பு.” இன்னொரு நாள், “இன்னைக்கு ஆபீஸ்ல கரெக்டா வருதுண்ணா” என்றார். மாலையில் வீட்டிலிருந்து, “மறுபடி கால்வாசிதான்.” இரண்டு நாள் மண்டை காய்ந்தது. ஆபீஸில் அவர் தனி மானிட்டரில் இணைத்திருந்தார் என்பதை நான் கேட்கவும் இல்லை, அவர் சொல்லவும் இல்லை. மேக்கின் ரெட்டினா திரையில் விண்டோவின் அளவு 1280-க்கு 800 என்று சொன்னாலும் உள்ளே உண்மையான பிக்சல் 2560-க்கு 1600 இருக்கும். வியூபோர்ட்டுக்கு (விண்டோவுக்குள் படம் வரையும் பரப்புக்கு) பிக்சல் கணக்கைக் கொடுக்க வேண்டும், நான் விண்டோ கணக்கைக் கொடுத்திருந்தேன். நீளத்தில் பாதி, அகலத்தில் பாதி, மொத்தத்தில் கால்வாசி. சாதாரண மானிட்டரில் இரண்டு கணக்கும் ஒன்றென்பதால் அங்கே சரியாக வந்தது. விண்டோ திறக்க நான் பயன்படுத்திய ஜிஎல்எஃப்டபிள்யூ நூலகத்தில் ஃபிரேம்பஃபர் அளவை, அதாவது உண்மையான பிக்சல் அளவைக் கேட்கத் தனி அழைப்பே இருக்கிறது, ஒரு வரி மாற்றம். “சில நேரம் வருது, சில நேரம் வரல” என்று யாராவது சொன்னால், எந்தத் திரையில், எந்த இடத்தில், சார்ஜர் போட்டா போடாமலா என்று முதலில் கேளுங்கள். குறியீட்டைப் பிறகு திறக்கலாம்.

நிறத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. டைல்ஸ் வியாபாரத்தில் நிறம் மாறினால் சண்டை வரும். மெரூன் டைல்ஸ் ஒன்று அந்த மேக்கில் கூடுதல் சிவப்பாகத் தெரிந்தது. அந்தத் திரை வழக்கத்தைவிட அகன்ற நிறவெளி (காட்டக்கூடிய நிறங்களின் எல்லை) கொண்டது, என் விண்டோ தன் நிறம் வழக்கமான எஸ்ஆர்ஜிபி என்று சொல்லவே இல்லை. சொல்லியதும் சரியானது. இதற்கு இரண்டு நாள் மெனக்கெட்டுவிட்டு பெரிய கடைக்குப் போனால், டிவி “விவிட்” மோடில் ஜொலித்துக்கொண்டிருந்தது.

இன்று இதே வேலை வந்தால் பிரவுசரிலேயே வெப்ஜிஎல்லில் (பிரவுசருக்கான ஓபன்ஜிஎல் வகையில்) செய்துவிடுவேன். உள்ளுக்குள் விண்டோஸில் டைரக்ட்3டிக்கும் மேக்கில் மெட்டலுக்கும் மொழிபெயர்க்கும் தலைவலியைப் பிரவுசர் ஏற்றுக்கொள்கிறது. அங்கேயும் வரைவது யார் என்று பார்க்காமல் விடமாட்டேன். குரோமில் இதற்கென்றே ஜிபியு பக்கம் ஒன்று இருக்கிறது. விலைப்பட்டியல் தருவதற்கு முன் ஒவ்வொரு கணினியின் பெயர், இயங்குதளம், கிராஃபிக்ஸ், திரையளவு ஆகியவற்றை போட்டோவாகவே வாங்கிக்கொள்கிறேன். இரண்டாவது இயங்குதளத்துக்குத் தனிக் காசு, மேக் என்றால் வாடகையும் சந்தாவும் அவர்கள் தலையில். இதைச் சொன்னால் வேலை போய்விடும் என்று அப்போது பயந்தேன். இதுவரை ஒருவர்தான் போயிருக்கிறார்.

அண்ணன் பாக்கி 60,000-ஐ முழுதாகக் கொடுத்தார். கார்டுக் காசை நான் கேட்கவில்லை, கேட்டிருந்தால் கொடுத்திருப்பாரோ என்னவோ. அந்தக் கார்டு இன்னும் அங்கேதான் இருக்கிறது, கேபிள் சரியான துளையில். மதியம் கடையில் கூட்டம் குறைந்ததும் அவருடைய பையன் அந்த 4கே டிவியில் கார் ரேஸ் ஓட்டுகிறான். போன மாதம் போனபோது பார்த்தேன், ஒரு திக்கல் திணறல் இல்லை.